சிக்லிட் மீன்களுக்குத் தீனி போடுவதும் வயிறு ஊதாமல் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

சிக்லிட் என்பது தொட்டியில் வளர்க்கும் ஒரு மீன் குடும்பம். வயிறு நன்றாக ஊதிவிட்ட சிக்லிட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கைமீறிய காரியம். ஊதத் தொடங்கினால் ஓரிரு நாள், மிஞ்சினால் மூன்று நாள், அதற்குள் மீன் போய்விடும். ஆனால் அதற்கு முன்னால் நமக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. அந்த நாட்களில் மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பும், கூட்டத்தை விட்டு ஒதுங்கும், கழிவு வெள்ளையாகப் போகும். அதைக் கவனிப்பது எப்படி, அந்த நிலையே வராமல் தீனி போடுவது எப்படி என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: உங்கள் மீனின் குடல் எப்படிப்பட்டது?

ஆஸ்கார், ஏஞ்சல், டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன், ஆப்பிரிக்க ஏரி மீன்கள் எல்லாமே சிக்லிட் குடும்பம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா தீனி ஒத்துவராது. பாறையில் படியும் பாசியை மேய்கிற மீனுக்குக் குடல் அதன் உடலைவிடப் பல மடங்கு நீளம். பாசியிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்க நேரம் பிடிக்கும், அதற்குத்தான் அந்த நீளம். பூச்சி, இறால், சின்ன மீன் தின்கிறவற்றுக்குக் குடல் குட்டை. இறைச்சி வகைத் தீனி சீக்கிரம் செரித்து வெளியே வந்துவிடும்.

வயிறு ஊதலுக்கு முதலில் ஆளாவது நீளக் குடல்காரர்கள்தான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் எம்புனா வகைகள் (ஆரட்டஸ், கென்யி, ரெட் சீப்ரா, லேபியோட்ரோஃபியஸ் எல்லாம் இதில் அடக்கம்), தங்கனிக்கா ஏரியின் ட்ரோஃபியஸ், பெட்ரோக்ரோமிஸ் ஆகியவை இந்தக் கூட்டம். இந்த நோய்க்கு ‘மலாவி ப்ளோட்’ (மலாவி வயிறு ஊதல்) என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனாலும் என்னைக் கேட்டால், எம்புனாவைவிட ட்ரோஃபியஸ் வளர்ப்பவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும். கூட்டமாக வாழ்கிற, சட்டென்று பதறுகிற மீன் அது. ஒன்றுக்கு வந்தால் வரிசையாக மற்றவற்றுக்கும் வரும்.

இவற்றை ‘சுத்த சைவம்’ என்று சொல்வதும் சரியில்லை. ஏரியில் அவை சுரண்டும் பாசிப் படலத்துக்குள் நுண்ணிய இறால் வகைகளும் பூச்சி முட்டைகளும் இருக்கும், பாசியோடு சேர்த்து அவையும் உள்ளே போகும். எலக்ட்ரிக் யெல்லோ எம்புனாவாக இருந்தாலும் இயற்கையில் பெரும்பாலும் சின்னப் பூச்சிகளைப் பொறுக்கித் தின்கிற மீன். ஆக, கொஞ்சம் விலங்குப் புரதம் தவறில்லை. கொழுப்பும் அளவும்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இரண்டாவது கூட்டத்தில், அதே ஏரிகளின் குட்டைக் குடல் மீன்களான பீக்காக், ஹாப் வகைகள், ஃப்ரன்டோசா. பீக்காக் மணலுக்கு மேலே அசையாமல் நின்று, மணலுக்குள் நெளியும் புழுவைத் தலையில் உள்ள உணர்வுத் துளைகளாலேயே கண்டுபிடித்துப் பாயும். இவற்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். ஆஸ்காரும் அதுபோன்ற பெரிய அமெரிக்க சிக்லிட்களும் பூச்சி, இறால், மீன் எனக் கிடைப்பதையெல்லாம் தின்னும். அவற்றுக்கு மலாவி ப்ளோட் அபூர்வம். மலச்சிக்கலும் கொழுத்துப் போவதும்தான் தொல்லை.

எம்புனாவையும் பீக்காக்கையும் ஒரே தொட்டியில் கலந்து வளர்த்தால் என்ன செய்வது? இருப்பதிலேயே மென்மையான வயிறு எதுவோ, அதற்கு ஒத்துவரும் தீனியைத்தான் எல்லோருக்கும் போட வேண்டும். எம்புனா தீனியில் பீக்காக் நன்றாகவே வாழும். பீக்காக்குக்கான கொழுப்புத் தீனி எம்புனாவுக்கு ஆகாது.

படி 2: வயிறு ஏன் ஊதுகிறது?

ஸ்பைரோநியூக்ளியஸ், ஹெக்ஸாமிட்டா போன்ற ஒற்றைச் செல் உயிரிகள் மீனின் குடலில் வாழ்கின்றன. திடமாக இருக்கிற மீனிலும் கொஞ்சம் இருக்கலாம், அதனால் ஒன்றும் ஆகாது. மீன் பதற்றத்தில் இருக்கும்போது, தீனி செரிக்காமல் தேங்கும்போது, தண்ணீர் கெடும்போது அவை பெருகிக் குடல் சுவரைப் புண்ணாக்குகின்றன. பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். மீன் சாப்பிடுவதை நிறுத்தும். கடைசியில் உடலில் நீர் தேங்கி வயிறு உப்பும். கிருமி ஒன்றா, பலவா என்ற வாதம் வளர்ப்பவர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனால் தூண்டிவிடுவது எது என்பதில் பெரிய சண்டை இல்லை: பொருந்தாத தீனி, அதிகத் தீனி, அடிதடி, அழுக்குத் தண்ணீர், இடமாற்றம்.

வயிறு ஊதுவது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதனால்தான் ஊதிய பிறகு மருந்து தேடுவதில் அவ்வளவாகப் பலன் கிடைப்பதில்லை.

படி 3: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘ஸ்பைருலினா’ (ஒரு வகை நீலப்பச்சைப் பாசி) என்று இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருட்களை எடை வரிசையில்தான் எழுதுவார்கள், அதிகம் இருப்பது முதலில் வரும். முதல் இடங்களில் கோதுமை மாவும் சோள மாவும் இருந்து, ஸ்பைருலினா பட்டியலின் வால் பக்கம் கிடந்தால் அது பெயரளவு ஸ்பைருலினா.

புரத எண்ணைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எம்புனாவுக்கு 35 முதல் 40 சதவீதம் வரை இருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஸ்பைருலினாவின் உலர் எடையிலேயே பாதிக்கு மேல் புரதம்தான், ஆகவே வெறும் எண் எதையும் நிரூபிக்காது. நான் முதலில் பார்ப்பது கொழுப்பு. பாசி மேயும் மீனுக்கு 5 முதல் 8 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அடுத்து அந்தப் புரதம் எதிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். பாசி, முழு மீன் தூள், இறால், கிரில் (இறால் போன்ற சின்னக் கடல் உயிரி) என்றால் சரி. மாட்டு இதயம் போன்ற பாலூட்டி இறைச்சி ஆகாது. அந்தக் கொழுப்பு தொட்டியின் வெப்பநிலையில் கெட்டியாகவே நிற்கும், மீனால் சரியாகச் செரிக்க முடியாது. டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் மாட்டு இதயம் கொடுத்துக் குஞ்சுகளை வேகமாக வளர்ப்பது உண்மைதான். அதைப் பார்த்து மலாவி தொட்டியில் முயன்று பார்க்க வேண்டாம்.

பெல்லட்டுக்கு, அதாவது குருணைத் தீனிக்கு, ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு கரண்டியில் தொட்டித் தண்ணீர் எடுத்து ஐந்தாறு பெல்லட் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். இரண்டு மடங்காக உப்பினால், மீன் அவசரமாக விழுங்கிய பிறகு வயிற்றுக்குள்ளும் அதுதான் நடக்கும். அப்படிப்பட்ட தீனியை நனைத்துப் போடுங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். உறைய வைத்து உலர்த்திய இறால், புழு வகைகளை நனைக்காமல் போடவே கூடாது. நனைத்ததை உடனே போட்டுவிட வேண்டும், ஊறவைத்துவிட்டு மறந்துபோனால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

பெரிய டப்பா வாங்குவது லாபம் மாதிரி தெரியும். ஆனால் திறந்த டப்பாவில் கொழுப்பு காறிப்போகும், வைட்டமின் சி குறைந்துகொண்டே வரும். ஒன்றிரண்டு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். பெரிதாக வாங்கிவிட்டீர்களா? ஒரு மாதத் தீனியை வெளியே எடுத்துவைத்துவிட்டு, மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள்.

படி 4: எவ்வளவு, எப்போது?

சிக்லிட்டுக்கு எப்போதும் பசிதான். நீங்கள் அறைக்குள் வந்தாலே கண்ணாடி ஓரமாகக் கூடி வாலை ஆட்டும். பத்து நிமிடம் முன்னால் தின்றிருந்தாலும் அதே ஆட்டம்தான். அந்த நடிப்பை நம்பித் தீனி போட்டால் மீன் கெட்டுவிடும். ஏரியில் அது நாள் முழுக்கச் சத்துக் குறைந்த பாசியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், அதனால் எதிரே வந்ததை உடனே தின்றுவிடுகிற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நம் தொட்டியில் ஒரே வாயில் கிடைப்பதோ செறிவான பெல்லட்.

வளர்ந்த மீன்களுக்கு நாளைக்கு இரண்டு வேளை. ஒவ்வொரு வேளையும் அரை நிமிடத்தில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிட வேண்டும். டப்பாக்களில் ‘ஐந்து நிமிடத்தில் தின்னும் அளவு’ என்று எழுதியிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு எம்புனா கூட்டம் டப்பாவையே காலி செய்துவிடும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுங்கள். குடல் காலியாகும், தண்ணீருக்கும் நல்லது. குஞ்சுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது: பொடித்த ஃபிளேக்கை (மெல்லிய செதில் வடிவத் தீனி) மிகக் கொஞ்சமாக நாளைக்கு மூன்று நான்கு முறை போட்டு, அதற்கு ஈடாகத் தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரே மூலையில் கொட்டினால் தலைவன் ஆண் மீன் அங்கேயே நின்று பாதியை விழுங்கிவிடும், அடிபட்ட மீன்களுக்கு ஒன்றும் கிடைக்காது. நீங்கள் போட்ட மொத்த அளவு சரியாக இருந்தும் ஒன்று அளவுக்கு மீறித் தின்றிருக்கும், இன்னொன்று காய்ந்திருக்கும். சிறு சிறு கிள்ளாக, தொட்டியின் நீளம் முழுவதும் தூவுங்கள். மிதக்கும் தீனியைவிட மெதுவாக மூழ்கும் பெல்லட் நல்லது. மேலே முண்டியடித்துக் காற்றையும் சேர்த்து விழுங்குவது குறையும்.

விளக்கு போட்டு மீன் நன்றாக உலவத் தொடங்கிய பிறகு முதல் வேளை. இரண்டாவது வேளை, விளக்கை அணைப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். ஹீட்டர் பழுதாகித் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் செரிமானமும் மந்தமாகிவிடும், அன்றைக்குத் தீனியைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள்.

வெளியூர் போகிறீர்களா? வளர்ந்த, திடமான மீன் ஒரு வாரம் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. பாசம் மிகுந்து அள்ளிப் போட்டுவிடுவார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, டப்பாவை ஒளித்துவைத்துவிடுங்கள்.

படி 5: காய்கறியும் இறாலும்

தோல் நீக்கிய பட்டாணி, சுக்கினி, பசலைக் கீரை ஆகியவற்றை வெந்நீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்துக் கொடுக்கலாம். உப்போ எண்ணெயோ படக் கூடாது. உப்பும் மசாலாவும் சேர்க்காத நோரி கடற்பாசித் தாளை ஒரு கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டிப் போட்டால் எம்புனா கூட்டம் அதன் இயல்புப்படி சுரண்டித் தின்னும். பார்க்கவே நன்றாக இருக்கும். சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

உறைந்த இறால் வகைகளில் மைசிஸ், பிரைன் ஷ்ரிம்ப் இரண்டும் எம்புனாவுக்குக்கூட வாரம் ஒருமுறை தரலாம். தொட்டித் தண்ணீரில் கரையவிட்டு, வலையில் வடித்து, அந்தச் சாற்றை வெளியே கொட்டிவிட்டு இறாலை மட்டும் தொட்டியில் போடுங்கள். எம்புனாவுக்கும் ட்ரோஃபியஸுக்கும் ப்ளட்வார்ம், டியூபிஃபெக்ஸ் என்ற சிவப்புப் புழுத் தீனிகள் இரண்டும் வேண்டவே வேண்டாம். டியூபிஃபெக்ஸ் அழுக்குத் தண்ணீரில் வளர்வது, கிருமியையும் சேர்த்துக் கொண்டுவரும். ஆஸ்காருக்கு உயிர் மீன் போடும் பழக்கமும் அப்படித்தான். ஆஸ்காருக்கு அது தேவையே இல்லை, நோய்தான் மிச்சம்.

தீனி வகையை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் முழுதாக மாறலாம். புதிதாக வாங்கிய மீனுக்கு விற்றவர் என்ன போட்டார் என்று கேட்டுவையுங்கள்.

படி 6: தீனி சரியாக இருந்தும் வருகிறதா? தொட்டியைப் பாருங்கள்

அருமையான ஸ்பைருலினா தீனியை அளந்து போடுகிற தொட்டியிலும் ப்ளோட் வரும். காரணம் பெரும்பாலும் அடிதடி. நாள் முழுக்க ஒரு மீன் மேல் மூலையில், ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தால் அடுத்து வயிறு ஊதப்போவது அதற்குத்தான். எம்புனா வகைகளில் ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று வையுங்கள். கற்களைக் குவித்து, ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வரும்படி பல பொந்துகள் அமையுங்கள். ட்ரோஃபியஸை நான்கைந்தாக வளர்ப்பது அவற்றுக்குச் செய்கிற கொடுமை, பன்னிரண்டுக்குக் குறையாத கூட்டமாக வையுங்கள்.

தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பக்கம் இருந்தால் நல்லது, 40-ஐத் தாண்டவிடாதீர்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள், குளோரினை நீக்கி, வெப்பநிலையும் ஒத்துப்போகும்படி ஊற்றுங்கள். மலாவி, தங்கனிக்கா மீன்களுக்குக் கடினத் தண்ணீர் வேண்டும்: மலாவிக்கு பிஎச் 7.8 முதல் 8.6 வரை, தங்கனிக்காவுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். கடினத்தைக் கூட்டுகிறேன் என்று சாப்பாட்டு உப்பைக் கொட்டாதீர்கள். கடினத்தைத் தருவது கால்சியமும் மக்னீசியமும்தான், சாப்பாட்டு உப்பில் இரண்டும் இல்லை.

அப்புறம், புதிய மீனை நேராக மலாவி தொட்டிக்குள் விடக் கூடாது. தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். முதல் நாள் தீனி வேண்டாம், அடுத்த சில நாட்கள் மிகக் கொஞ்சம். பயணத்தால் பதறிய மீனுக்கு ‘பாவம், பசியோடு வந்திருக்கும்’ என்று வயிறு நிறையப் போடுவதிலிருந்துதான் பல ப்ளோட்கள் தொடங்குகின்றன.

படி 7: தீனி நேரத்தில் கவனியுங்கள்

தீனி போட்டுவிட்டு நகராதீர்கள். அந்த ஒரு நிமிடம் நின்று தலைகளை எண்ணுங்கள். எல்லாம் வந்தனவா? வராத மீன் எங்கே?

முதலில் தெரிவது துப்பல். மீன் ஆர்வமாகத்தான் ஓடிவரும். பெல்லட்டை வாங்கும், இரண்டு முறை மெல்லும், வெளியே விட்டுவிடும். மறுபடி எடுக்கும், மறுபடி விடும். அது சாப்பிடுகிறது என்றே தோன்றும், தொண்டையைத் தாண்டி ஒன்றும் போயிருக்காது. பெல்லட் பெரிதாக இருந்தாலும் துப்பும், ஆகவே நொறுக்கிப் போட்டுப் பாருங்கள். பொடியையும் துப்பினால் அன்றைக்கே விழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கழிவு. எம்புனாவின் கழிவு தீனியின் நிறத்தில், பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். அது ஈரப் பருத்தி நூல் போல வெள்ளையாக, நீளமாக, அறுந்து விழாமல் தொங்கினால் உள்ளே தீனி இல்லை, குடல் சளியை மட்டும் தள்ளுகிறது என்று பொருள். இதோடு நிறம் மங்குவது, துடுப்பை ஒடுக்கிக்கொள்வது, செவுள் வேகமாக அடிப்பது, தரையிலோ மேல்மட்டத்திலோ தனியே நிற்பது எல்லாம் சேரும்.

ஒரு மயக்கம் இங்கே வரும். எம்புனா பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்து மூன்று வாரம் போல அடைகாக்கும். அந்த நாட்களில் தின்னாது, ஒதுங்கி நிற்கும். புதியவர்கள் இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடுவார்கள். உப்பியிருப்பது வயிறா, தாடைக்குக் கீழா என்று பாருங்கள். அடைகாக்கும் மீனுக்குத் தாடையும் தொண்டையும் தொங்கும், வாயைச் சரியாக மூடாது, அவ்வப்போது எதையோ மெல்வதுபோல் முட்டைகளைப் புரட்டும், வயிறு ஒட்டியே இருக்கும். ஆனால் குஞ்சுகளை விட்ட பிறகு அந்தத் தாயின் குடல் பலவீனமாக இருக்கும். உடனே பெரிய தொட்டியில் விட்டுப் போட்டித் தீனி தின்னவிடாமல், தனியே வைத்துச் சில நாட்கள் பொடித்த ஃபிளேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

வயிறு லேசாகப் பருத்திருந்தாலும் மீன் பாய்ந்து பாய்ந்து தின்கிறதா? அப்படியானால் அது முட்டையாகவோ வெறும் அதிகத் தீனியாகவோ இருக்கும். இரண்டு நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். ப்ளோட் வந்த மீன் தின்னாது.

படி 8: வந்துவிட்டால்

முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாதியை மாற்றுங்கள். தொட்டி முழுமைக்கும் இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். ஒரு மீன் மட்டும் என்றால் 40 லிட்டர் அளவுள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, மங்கிய வெளிச்சம் இருந்தால் போதும். இரண்டு மூன்று மீன்கள் துப்பத் தொடங்கிவிட்டால் பெரிய தொட்டியிலேயே சிகிச்சை செய்ய வேண்டும்.

தனித் தொட்டியில் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்ஃபேட், 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் கரைத்து மெதுவாக ஊற்றலாம். குடலை இளக்கும், தேங்கிய நீரைக் கொஞ்சம் இழுக்கும். சாப்பாட்டு உப்பு இதற்கு மாற்றாகாது.

குடல் ஒற்றைச் செல் உயிரிகளுக்கு மருந்து மெட்ரோனிடசோல். பல நாடுகளில் மருத்துவர் சீட்டு தேவைப்படும், மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்துங்கள். மீன் இன்னும் கொஞ்சமாவது விழுங்குகிறது என்றால் தீனி வழியாகக் கொடுப்பதுதான் சிறந்தது, மருந்து நேராகக் குடலுக்குப் போகும். வழக்கமான அளவு ஒரு கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம். 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நைசாகப் பொடித்து, கரைத்த ஜெலட்டினில் குழைத்து, 25 கிராம் தீனியில் பிசறி உலர்த்தி, குளிர்பெட்டியில் வையுங்கள். ஐந்து நாட்கள் இது மட்டுமே தீனி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குளிர்பெட்டியில் வைக்கும்போது டப்பாவில் பெயரும் எழுதிவிடுங்கள்.

தீனியே வேண்டாம் என்கிற மீனுக்குத் தண்ணீரில்: ஏறக்குறைய 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம், தினமும் ஒருமுறை, ஐந்து நாட்கள். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். இது எளிதில் கரையாது, தனிக் கிண்ணத்தில் நன்றாகக் கலக்கி ஊற்ற வேண்டும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிவிடும். விளக்கை அணைத்து, ஏர் ஸ்டோனை ஓடவிடுங்கள்.

பதற்றத்தில் கையில் கிடைத்த நான்கு மருந்தையும் சேர்த்து ஊற்றுவதுதான் மீனை விரைவில் கொல்லும். செதில்கள் விறைத்து எழுந்து, மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் உள்ளுறுப்புகள் கைவிட்டன என்று அர்த்தம். அந்த நிலையில் மருந்தை நீட்டிக்கொண்டிருப்பதைவிட, வலியில்லாமல் முடித்துவைக்க மருத்துவரிடம் வழி கேட்பதே சரி என்பது என் கருத்து.

படி 9: தேறிய மீன்

மீன் ஒரு துணுக்கை விழுங்கித் துப்பாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மறுநாள் இரண்டு மூன்று துணுக்கு. கழிவு மறுபடி நிறத்தோடு வரும்வரை ஸ்பைருலினா ஃபிளேக் மட்டும்தான், இறால் வேண்டாம். எப்சம் உப்பைத் தனியாக அகற்ற வேண்டியதில்லை, தண்ணீர் மாற்ற மாற்றக் குறைந்துவிடும்.

ஒரு வாரம் ஒழுங்காகத் தின்ற பிறகு பெரிய தொட்டிக்குத் திருப்பலாம். நேரே விட்டால் பழைய எதிரிகள் புது ஆளைப்போல அடித்து விரட்டுவார்கள், நோயும் திரும்பும். விடுவதற்கு முன்னால் கற்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்குங்கள். யார் எல்லை எது என்பது எல்லோருக்கும் குழம்பிப்போகும், அந்தக் குழப்பத்தில் திரும்பி வந்தவனைத் தனியாகக் குறிவைக்க மாட்டார்கள். மற்றவற்றுக்குத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் விடுங்கள். மறுநாள் காலையில் மேல் மூலையில் ஒண்டியிருக்கிறதா, தீனிக்கு வருகிறதா என்று பாருங்கள். ஒண்டியிருந்தால் அதை மறுபடி வெளியே எடுக்காதீர்கள், அடிக்கிற மீனைப் பிடித்துச் சில நாட்கள் தனித் தொட்டியில் போடுங்கள்.